காயிலை இடம் மாற்றிப் பார்ப்பது: நூறு வருஷத்துக்கு மேல் பழைய ஒரு சோதனை

பத்துப் பதினைந்து வருஷம் ஓடிய பெட்ரோல் கார் ஒன்று சிக்னலில் நிற்கும்போது உதறுகிறது. ஏற்றத்தில் இழுவை இல்லை. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. ஸ்கேனர் மாட்டினால் பி0302 என்று வருகிறது. இரண்டாவது சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று அர்த்தம். விவரமான மெக்கானிக் உடனே புது காயில் வாங்கச் சொல்ல மாட்டார். இன்ஜினை அணைத்துவிட்டு, இரண்டாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி மூன்றாவதில் போடுவார், மூன்றாவதை இரண்டாவதில். கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பார்ப்பார். இப்போது பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி. பி0302 அப்படியே நின்றால் காயில் நிரபராதி. பிளக், ஒயர், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று வேறு இடத்தில் தேட வேண்டும்.

பார்க்க கம்ப்யூட்டர் காலத்து உத்தி மாதிரி இருக்கும். ஆனால் இதே சோதனையை ஃபோர்டு கம்பெனி தன் மாடல் டி கார் வாங்கியவர்களுக்குக் கையேட்டிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறது. நடுவில் பல பத்தாண்டுகள் பெரும்பாலான கார்களில் இதைச் செய்யவே வழி இல்லாமல் போயிற்று. அது ஏன் என்று தேடியபோது சேர்ந்த குறிப்புகள் இவை.

முதலில் காயில் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். இரும்பு உள்ளகம். அதன்மேல் தடித்த கம்பியில் சில நூறு சுற்று, மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று. தடித்த சுற்றில் பேட்டரி கரண்டை ஓடவிட்டுச் சட்டென்று அறுத்தால், காந்தப்புலம் சரிந்து மெல்லிய சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் பிறக்கிறது. கவனிங்க, கரண்டைக் கொடுக்கும்போது இல்லை, அறுக்கும்போதுதான் பொறி. வீட்டில் ஃபேன் சுவிட்சை அணைக்கும்போது உள்ளே லேசாக மின்னுமே, அதுவும் இந்த வகைதான். அயர்லாந்தின் மேனூத் கல்லூரியில் பாடம் நடத்திய நிக்கலஸ் கேலன் என்ற பாதிரியார் 1836இல் இப்படி ஒரு காயில் செய்தார். பாரிஸில் கருவிப் பட்டறை வைத்திருந்த ரூம்கோர்ஃப் அதை மேம்படுத்திப் பேர் வாங்கிவிட்டார். 1860இல் எட்டியென் லெனுவார் தன் கேஸ் இன்ஜினில் வாயுவைப் பற்றவைத்தது ரூம்கோர்ஃப் காயிலை வைத்துத்தான். கார்ல் பென்ஸின் 1886ஆம் வருஷ வண்டியிலும் பேட்டரியும் காயிலும் இருந்தன. 1888இல் அவர் மனைவி பெர்த்தா, புருஷனிடம் சொல்லாமல் அந்த வண்டியை மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸைம் வரை ஓட்டிப் போனார். வழியில் இக்னிஷன் ஒயரின் உறை தேய்ந்து போக, தன் காலுறைப் பட்டியைச் சுற்றி ஓட்டினாராம். நிஜமென்றால், காரில் நடந்த முதல் வழியோர இக்னிஷன் ரிப்பேர் அதுவாகத்தான் இருக்கும்.

இனி மாடல் டி. 1908 அக்டோபரில் வந்தது, 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள். நான்கு சிலிண்டர், நான்கு காயில். ஒவ்வொன்றும் தனித்தனி மரப்பெட்டி. ஒயர் எதுவும் நேராகப் பெட்டியில் கட்டப்படவில்லை. பக்கத்திலும் அடியிலும் பித்தளைக் குமிழ்கள் மட்டும். கம்பார்ட்மென்ட்டில் செங்கல் மாதிரி செருக வேண்டியதுதான். ஸ்பேனர்கூட வேண்டாம். ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் அதிரும் தகடு ஒன்று. கரண்ட் வந்ததும் காந்தம் தகட்டை இழுக்கும், இழுத்ததும் இணைப்பு அறும், அறுந்ததும் தகடு திரும்ப வரும். நம்ம பழைய காலிங் பெல் வேலை செய்யும் விதம். அதனால் வண்டி ஓடும்போது பெட்டிக்குள்ளிருந்து வண்டு ரீங்கரிப்பது போலச் சத்தம் வந்துகொண்டே இருக்கும்.

மிஸ் ஆகும் சிலிண்டரைக் கண்டுபிடிக்க ஃபோர்டு சொன்ன வழி ரொம்ப அழகு. இன்ஜினைக் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு, ஒன்றாவது, நான்காவது காயில்களின் தகடுகளை விரலால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். அவை அதிராததால் அந்த இரண்டு சிலிண்டரும் நின்றுவிடும். மீதி இரண்டும் ஒழுங்காக வெடித்தால் கோளாறு ஒன்றிலோ நான்கிலோ. ஒழுங்கில்லையென்றால் இரண்டிலோ மூன்றிலோ. அப்புறம் மூன்று மூன்றாக அமுக்கி ஒற்றைச் சிலிண்டரைப் பிடித்துவிடலாம். பிறகு அந்தக் காயிலை உருவிப் பக்கத்து இடத்தில் போட்டு, கோளாறு கூடவே போகிறதா என்று பார்ப்பது. தகடு ரீங்கரித்தும் பிளக்கில் பொறி இல்லையென்றால் காயில் செத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது முதல் அறிகுறி. இடம் மாற்றியும் அதே சிலிண்டர் மிஸ் ஆனால் பிளக், ஒயர், அல்லது எந்தக் காயிலுக்கு எப்போது கரண்ட் என்று தீர்மானிக்கும் டைமர். ஸ்கேனர் இன்றைக்குச் செய்வதை அன்றைக்குக் காதும் விரலும் செய்தன. வாங்கியவர்களில் நிறையப் பேர் விவசாயிகள். பட்டறை பல மைல் தள்ளி இருக்கும். இந்த ஒரு பக்கம் தெரிந்திருந்தால் வீடு போய்ச் சேரலாம்.

இந்த ஏற்பாட்டை ஓரங்கட்டியவர் சார்ல்ஸ் கெட்டரிங். டேட்டன் நகரில் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில் இருந்தவர். நண்பர் எட்வர்ட் டீட்ஸின் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் ராத்திரி வேலை பார்த்து ஒரு புது இக்னிஷனை உருவாக்கினார். கேடிலாக் தன் 1910 மாடல் கார்களில் அதைப் போட்டது. 'டெல்கோ' கம்பெனி பிறந்தது அதிலிருந்துதான். அதிரும் தகடு கிடையாது. கேம் ஒன்று பாயிண்ட்டைத் திறக்கும்போது சிலிண்டருக்கு ஒரே ஒரு பொறி, சரியான நேரத்தில். பின்னாளில் உலகம் முழுக்கப் பரவிய வடிவத்தில், இன்ஜினுக்கே ஒரு காயில், அதைப் பங்கிட்டுக் கொடுக்க ஒரு டிஸ்ட்ரிபியூட்டர். விலை குறைவு, ஒயரிங் எளிது. நம்ம பெட்ரோல் அம்பாசடர் வரைக்கும் இதே குடும்பம்தான்.

ஆனால் பழுதின் குணம் அடியோடு மாறிவிட்டது. ஒற்றைக் காயில் போனால் ஒரு சிலிண்டர் இல்லை, வண்டியே நின்றுவிடும். மாற்றிப் போட்டுப் பார்க்கப் பக்கத்தில் இன்னொன்று இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரின் நடு ஒயரைப் பிடுங்கி, இன்ஜின் உடம்புக்குக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துச் சுற்றிப் பார்ப்பதுதான் சோதனை. நீலப் பொறி படபடவென்று தாவினால் நல்லது, மஞ்சளாகச் சோர்ந்து வந்தால் சந்தேகம். சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. கண்டென்சர் கெட்டாலும் பொறி சோர்ந்துதான் வரும். அதனால் நல்ல காயில்கள் எத்தனையோ குப்பைக்குப் போயிருக்கும். இதைவிட மோசம் சூட்டில் மட்டும் செத்து, ஆறினால் பிழைக்கும் காயில். வெயில் காலத்தில் பெட்ரோல் பம்ப் சூடேறி நிற்கும் வண்டியும் அப்படித்தான் நடந்துகொள்ளும். ஈரத்துணி போட்டு அரை மணி காத்திருந்தால் இரண்டுமே ஓடும். எது காரணம் என்று கடைசி வரை தெரியாது.

ஒற்றைக் காயில் ஏன் கைவிடப்பட்டது? கணக்குப் போட்டால் புரியும். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிஷத்துக்கு 6,000 சுற்று ஓடினால் நொடிக்கு 200 பொறி வேண்டும். ஒரு பொறிக்கும் அடுத்ததற்கும் இடையே 5 மில்லி செகண்ட். அதற்குள் காயில் நிரம்பிக் காலியாக வேண்டும். சிலிண்டருக்கு ஒன்று என்றால் அதே வேலைக்கு 20 மில்லி செகண்ட் கிடைக்கும். புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும் மெல்லிய கலவையும் வலுவான பொறியைக் கேட்டன. 1980களில் இரண்டு சிலிண்டருக்கு ஒரு காயில் பரவலானது. அந்த யோசனை சிட்ரோயன் 2சிவியில் 1948இலேயே உண்டு. அப்புறம் பிளக்கின் தலையிலேயே காயில் உட்கார்ந்தது. ஃபோர்டின் நான்கு பெட்டிகள் ஒரு சுற்று சுற்றித் திரும்ப வந்துவிட்டன. அமெரிக்காவில் 1996 மாடல்களிலிருந்து மிஸ் ஆகும் சிலிண்டரைக் கம்ப்யூட்டர் கண்டறிந்து சொல்ல வேண்டும் என்று ஆனது. இடம் மாற்றிப் பார்க்கும் சோதனைக்கும் மறுபிறப்பு.

ஆனால் அந்த இடம் நல்ல இடமில்லை. மரப்பெட்டி காற்றோட்டமாக இருந்தது. இது இன்ஜின் தலையில், குழிக்குள் வேகிறது. 2000களின் தொடக்கத்தில் வந்த ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்களில் காயில்கள் வரிசையாகப் போய், 2003இல் கம்பெனி அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு இலவசமாக மாற்றித்தர வேண்டியதாயிற்று.

காயிலைக் குற்றம் சொல்லுமுன் குழியைப் பாருங்க. வால்வு கவர் கேஸ்கட் கசிந்து எண்ணெய் நின்றால் காயிலின் ரப்பர் உறை ஊறிக் கெடும். கேஸ்கட்டை விட்டுக் காயிலை மட்டும் மாற்றினால் காசு தண்டம். பிளக்கின் இடைவெளி தேய்ந்து அகன்றிருந்தால் பொறிக்கு அதிக வோல்ட் வேண்டும், அந்தச் சுமை காயிலைத்தான் அடிக்கும். மல்டிமீட்டர் முழுதாக அறுந்த சுற்றைக் காட்டும், சூட்டில் வரும் கோளாறைக் காட்டாது. இன்ஜின் ஓடும்போது காயிலை உருவுவது கூடவே கூடாது. மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது, அதன் விலைக்குக் காயில் ஒன்றுமே இல்லை.

இன்னொன்று. மாடல் டி காயிலில் அடிக்கடி சாவது செம்புச் சுற்று இல்லை, உள்ளே தாரில் புதைந்திருக்கும் காகித கண்டென்சர். பழைய கார் பிரியர்கள் தாரைச் சுரண்டி அதை எடுத்துவிட்டுப் புதியது வைத்து, கையால் சுற்றும் டெஸ்டரில் 1.3 ஆம்பியருக்குத் தகட்டைச் சரிசெய்கிறார்கள். நூறு வயதான சுற்று மறுபடி பொறி விடுகிறது. இன்றைய காயில் எபாக்ஸியில் வார்த்தது. திறக்க முடியாது, எது செத்தது என்று பார்க்கவும் முடியாது, முழுசாக மாற்றத்தான் முடியும்.