பிலிப்பைன்ஸின் பழங்காலம்: ஒரு போலிச் சட்டமும் ஒரு செப்பேடும்

ஸ்பானியர் வருமுன் பிலிப்பைன்ஸ் மக்கள் எப்படி வாழ்ந்தனர் என்பதை அறிய அந்நாட்டவர் பட்ட பாடு பெரிது. சீனரின் பழைய நூல்களில் சில குறிப்புகள் உண்டு. 1521-இல் மகெல்லனுடன் வந்த பிகாஃபெட்டாவின் பயணக் குறிப்பு இன்னும் விரிவானது. இரண்டுமே வெளியார் எழுதியவை.

இந்தக் குறையைத் தீர்க்கத் தொடக்கத்திலேயே முனைந்தவர்களில் ஒருவர் பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹோசே ரிசால். மணிலாவில் அதிகாரியாக இருந்த அந்தோனியோ தெ மோர்கா 1609-இல் மெக்சிகோவில் வெளியிட்ட பிலிப்பைன்ஸ் வரலாற்று நூலை, லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் அமர்ந்து ரிசால் கைப்படப் படியெடுத்தார். தம் குறிப்புரைகளுடன் 1890-இல் பாரிஸில் அதைப் பதிப்பித்தார். தம் முன்னோரிடம் தொழிலும் வாணிபமும் எழுத்தும் இருந்தன, அந்நிய ஆட்சியில் அவை நலிந்தன என்று அக்குறிப்புரைகள் வாதிட்டன.

பழம்பெருமையின் மேல் எழுந்த இந்த ஏக்கம் போலிக்கும் இடம் கொடுத்தது. 1914-இல் ஹோசே மார்கோ என்பவர் பிலிப்பைன்ஸ் நூலகத்துக்குச் சில ஏடுகளைக் கொடுத்தார். பனாய் தீவின் கலந்தியாவ் என்ற தலைவர் 1433-இல் வகுத்ததாகச் சொல்லப்பட்ட சட்டத் தொகுப்பு அவற்றில் இருந்தது. அது பாடநூல்களில் ஏறியது. 1971-இல் கலந்தியாவ் பெயரில் அரசு விருதே நிறுவப்பட்டது.

அதற்கு முன்பே, 1968-இல், வரலாற்றாசிரியர் வில்லியம் ஹென்றி ஸ்காட் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு அந்த ஏடுகளை ஒவ்வொன்றாகச் சோதித்திருந்தது. மார்கோவுக்கு முன் அந்தச் சட்டத்தைப் பற்றி எந்தச் சான்றும் இல்லை என்பது தெளிவாயிற்று. தேசிய வரலாற்று நிறுவனம் 2004-இல் அதைப் போலி என்று அறிவித்தது.

ஸ்காட் போலியைக் களைந்ததோடு நிற்கவில்லை. ஸ்பானியப் பாதிரிமார் தொகுத்த பழைய அகராதிகளை வாழ்க்கைச் சான்றுகளாகப் படித்தார். நெசவு, படகு, உழவு, கடன், அடிமைமுறை ஆகியவற்றுக்கு மக்கள் வழங்கிய சொற்களே அவர்கள் வாழ்வைக் காட்டின. அவர் மறைந்த மறு ஆண்டு, 1994-இல், வெளிவந்த ‘பராங்காய்’ என்ற நூல் இந்த உழைப்பின் விளைவு.

இதற்கிடையே 1989-இல் லகுனா மாகாணத்தில், லும்பாங் ஆற்று முகத்துவாரத்தில் ஒரு செப்பேடு கிடைத்தது. மறு ஆண்டு தேசிய அருங்காட்சியகம் அதை வாங்கியது. மிந்தோரோ தீவில் மங்யான் மக்களிடையே வாழ்ந்த டச்சு அறிஞர் அந்தூன் போஸ்ட்மா அதைப் படித்தறிந்தார். எழுத்து, பல்லவர் கால எழுத்து மரபிலிருந்து கிளைத்த பழைய காவி. மொழி பழைய மலாய், இடையிடையே சமஸ்கிருதமும் பழைய ஜாவாச் சொற்களும். சக ஆண்டு 822, வைசாக மாதத் தேய்பிறைச் சதுர்த்தி, திங்கட்கிழமை என்று நாள் குறிக்கப்பட்டுள்ளது. அது கி.பி. 900 ஏப்ரல் 21.

செய்தி எளியது. நம்வரான் என்பவரின் ஒரு காத்தி எட்டுச் சுவர்ண எடையுள்ள பொற்கடன் தீர்ந்ததற்கு, துண்டுன் தலைவரின் பெயரில் தரப்பட்ட விடுதலைப் பத்திரம் அது. துண்டுன் என்பது இன்றைய மணிலாவின் தோந்தோ என்பது போஸ்ட்மாவின் கணிப்பு. நம்வரானின் வழித்தோன்றல்களும் அக்கடனிலிருந்து விடுபட்டனர். ஸ்பானியர் வருவதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே நாள்கணக்கும் பொன் எடையும் எழுத்து ஆவணமும் வழக்கில் இருந்தன என்பதற்கு இந்தக் கடன்சீட்டு நேரடிச் சான்று.