லுக்லா விமானத்தளமும் காத்திருப்பு நாட்களும்

எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடந்து செல்பவர்களில் பெரும்பாலோர் இன்று லுக்லாவில் விமானத்திலிருந்து இறங்கியே நடையைத் தொடங்குகின்றனர். நேபாளத்தின் கிழக்கே, சோலுகும்பு மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,850 மீட்டர் உயரத்தில் உள்ள சிற்றூர் இது. காத்மாண்டுவிலிருந்து விமானத்தில் அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரப் பயணத்துக்காக இரண்டு மூன்று நாட்கள், சில சமயம் ஒரு வாரம்கூடக் காத்திருக்க நேர்கிறது. இந்தக் காத்திருப்பு ஏன் ஏற்படுகிறது, அதற்கு எப்படி இடம் விட்டுத் திட்டமிட வேண்டும் என்பதற்கான விடை விமானத்தளத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

1953இல் ஜான் ஹண்ட் தலைமையிலான குழு எவரெஸ்டுக்குப் புறப்பட்டபோது இத்தளம் இல்லை. மார்ச் 10ஆம் தேதி பக்தபூரிலிருந்து நடக்கத் தொடங்கிய அவர்கள், சுமார் 350 சுமைதூக்கிகளுடன் மலைமுகடுகளை ஒவ்வொன்றாக ஏறி இறங்கி, தெங்போச்சே மடாலயத்தை அடைய இரண்டு வாரங்களுக்கு மேலாயிற்று. மழை வந்தால் அன்றைய நடை குறையும், அவ்வளவுதான். பயணம் முழுவதுமாக நின்றுபோவது அரிது. அந்த நாட்களில் இன்னொரு காரியமும் யாரும் கேட்காமலேயே நடந்தது. குறைந்த பிராணவாயுவுக்கு உடல் மெல்லப் பழகியது.

அந்தக் குழுவில் இருந்து, டென்சிங் நோர்கேயுடன் சிகரம் தொட்ட எட்மண்ட் ஹில்லாரி, பின்னர் ஷெர்பா மக்களுக்காகப் பள்ளிகளும் மருத்துவமனையும் கட்ட முனைந்தார். 1961இல் கும்ஜுங் பள்ளி வந்தது. அடுத்து குண்டே கிராமத்தில் மருத்துவமனை கட்டுவதற்கான பொருட்களைக் கொண்டுவர 1964இல் லுக்லாவில் விமானத்தளம் அமைக்கப்பட்டது. சுற்றுலாவுக்காக அது கட்டப்படவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். முதலில் சமதளமான விளைநிலங்களில்தான் இடம் தேடினார்கள். நல்ல நிலத்தை இழக்க விவசாயிகள் விரும்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த மலையில் சமதளம் என்பது சோறு. ஆகவே சரிவான இடம் 2,650 டாலருக்கு வாங்கப்பட்டது. மண்ணை இறுக்குவதற்கு ஷெர்பாக்கள் கைகோத்து, கால்களால் தரையை மிதித்து ஆடும் தங்கள் நடனத்தை ஆடினார்கள் என்பது ஹில்லாரியே சொன்ன செய்தி. மண் தரையாகவே இருந்த ஓடுதளத்துக்கு 2001இல்தான் தார் போடப்பட்டது. 2008இல் ஹில்லாரி மறைந்த அதே ஜனவரி மாதத்தில் இத்தளத்துக்கு டென்சிங்-ஹில்லாரி விமான நிலையம் என்று பெயர் சூட்டப்பட்டது.

அன்று கிடைத்த இடத்தின் குணம் இன்றும் மாறவில்லை. ஓடுதளத்தின் நீளம் 527 மீட்டர் மட்டுமே. அதன் சரிவு 11.7 விழுக்காடு, அதாவது ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் அறுபது மீட்டருக்கு மேல் உயர வேறுபாடு உண்டு. மேல் முனையில் மலைச்சுவர், கீழ் முனையில் தூத்கோசி ஆற்றின் பள்ளத்தாக்கு. எனவே இறங்கும் விமானம் எப்போதும் மேட்டை நோக்கி வடகிழக்காக இறங்கும். கிளம்பும் விமானம் பள்ளத்தை நோக்கி ஓடிக் கிளம்பும். இறங்கத் தொடங்கியபின் மனம் மாறி மீண்டும் மேலே எழுந்து சுற்றிவர இடமில்லை. விமானி கண்ணால் பார்த்தே இறக்க வேண்டும். மேகம் மறைத்தால் தளம் மூடப்படும்.

பள்ளிப் புவியியலில் பள்ளத்தாக்குக் காற்று என்று பாடம் நடத்துவோமே, அதுதான் இங்கே கால அட்டவணையை எழுதுகிறது. வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, காற்று பள்ளத்தாக்கின் வழியே மேல்நோக்கி வீசும். இறங்கும் விமானத்துக்கு அது பின்காற்று. குட்டையான ஓடுதளத்தில் பின்காற்று ஆபத்தானது. அதே காற்று ஈரத்தையும் மேலே கொண்டுவருவதால் நண்பகலுக்குள் மேகம் திரளும். ஆகவே விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே பறக்கின்றன. காத்மாண்டுவிலோ குளிர்காலக் காலைகளில் மூடுபனி. அங்கே பனி விலகுவதற்கும் இங்கே மேகம் சூழ்வதற்கும் இடையிலுள்ள சில மணி நேரமே வேலை நடக்கும். காத்மாண்டு விமான நிலைய நெரிசலைத் தவிர்க்க, 2019 முதல் பருவ மாதங்களில் பல விமானங்கள் ராமேச்சாப் மாவட்டத்து மந்தலியிலிருந்து விடப்படுகின்றன. பறக்கும் நேரம் இருபது நிமிடமாகக் குறைந்தது. ஆனால் நள்ளிரவு கடந்து எழுந்து நான்கைந்து மணி நேரம் சாலையில் போக வேண்டும்.

அவசரத்துக்கு வானிலை இடம் தருவதில்லை. 2008 அக்டோபர் 8ஆம் தேதி, மேகமூட்டத்தில் இறங்க முயன்ற ட்வின் ஆட்டர் விமானம் ஓடுதளத்துக்குச் சற்று முன்பே மோதியது. பதினெட்டுப் பேர் இறந்தனர். விமானி ஒருவரே பிழைத்தார். 2011 நவம்பர் தொடக்கத்தில் பல நாட்கள் தொடர்ந்து மேகம் விலகவில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் லுக்லாவில் சிக்கினார்கள். விடுதிகளில் இடமில்லை.

திரும்பும்போது சிக்கினால் பணமும் விடுப்பும்தான் போகும். போகும்போது ஏற்படும் தாமதமே பெரிய அபாயம் என்பது என் கருத்து. இரண்டு நாள் காத்மாண்டுவில் கழிந்துவிட்டால், அதை ஈடுகட்ட நாம்சே பஜாரிலும் டிங்போச்சேயிலும் உடல் பழகுவதற்காக ஒதுக்கிய ஓய்வு நாட்களில் கைவைக்கத் தோன்றும். இதன் விளைவு நெடுநாள் முன்பே பதிவாகியிருக்கிறது. 1976இல் லான்செட் மருத்துவ இதழில் பீட்டர் ஹேக்கெட் முதலிய மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 4,243 மீட்டர் உயரத்திலுள்ள பெரிச்சேக்கு வந்த 278 பேரை அவர்கள் ஆராய்ந்தார்கள். 53 விழுக்காட்டினருக்கு மலைநோய் கண்டிருந்தது. விமானத்தில் வந்து இறங்கியவர்கள், வேகமாக ஏறியவர்கள், வழியில் குறைந்த இரவுகளே தங்கியவர்கள் ஆகியோரிடம் அது கூடுதலாகக் காணப்பட்டது.

ஆகவே அடிவார முகாமுக்குப் போய்வரப் பன்னிரண்டு நாள் என்றால், விடுப்பைப் பதினான்கு நாளுக்குக் கேட்பது போதாது. முன்னால் இரண்டு நாளும் பின்னால் இரண்டு மூன்று நாளும் வெறுமனே விட்டுவைக்க வேண்டும். ஊர் திரும்பும் பன்னாட்டு விமானத்தை லுக்லா விமானத்துக்கு மறுநாளே வைக்கக் கூடாது. திரும்பும்போது முந்தைய மாலையே லுக்லாவுக்கு வந்து தங்கி, காலையின் முதல் விமானங்களில் இடம் கேட்பது நல்லது. முன்னால் விட்ட நாட்களும் தீர்ந்துவிட்டால், முகாம் வரை போகாமல் தெங்போச்சேயோடு திரும்பலாம்.

விமானத்தையே நம்பாத வழியும் உண்டு. 1980களில் ஜிரி வரை சாலை வந்தது. அங்கிருந்து நடந்தால் லுக்லாப் பக்கம் சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். இப்போது ஜீப்புகள் சல்லேரிக்கும் அதற்கு அப்பாலும் போகின்றன. ஜிரியிலிருந்து வரும் பழைய பாதை லுக்லாவுக்குள் நுழைவதில்லை. சற்றுக் கீழே சுர்கே, சௌரிகர்கா ஊர்களின் வழியாக, ஓடுதளத்தைத் தலைக்கு மேலே விட்டுவிட்டு அது நாம்சே நோக்கிச் செல்கிறது.