இணையம்

யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பு வீடுகளில் ‘நெட் வேலை செய்யேல்லை’ என்பதுதான் பேச்சு. செய்தித்தாளிலும் பாடப்புத்தகத்திலும் அதுவே ‘இணையம்’ ஆகிவிடுகிறது.

வேர்ச்சொல் ‘இணை’. சோடி, ஒப்பு என்பவை அதன் பழைய பொருள்கள். இணையடி என்றால் இரு திருவடிகள். இணையற்றவர் என்றால் நிகர் இல்லாதவர். சேர்தல் என்னும் வினைப்பொருளும் அதற்கு உண்டு. இலங்கைப் பள்ளிகளில் வழங்கும் ‘இணைப்பாடவிதானம்’ பாடத்தோடு சேர்ந்து நடப்பவற்றைக் குறிக்கிறது. ‘அம்’ விகுதி சேர, இணைவது இணையம் ஆயிற்று.

சொல்லை ஆக்கியவர் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி என்பர். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த அவர், கணினியில் தமிழ் எழுத்துருக்களுக்காகவும் உழைத்தவர். 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழிணைய மாநாடு சொல்லை நாடுகள் தோறும் பரப்பியது.

ஆங்கிலப் பெயரில் இருப்பது வலை. தமிழ்ப் பெயர் வலையை விட்டு, சேர்க்கையைப் பிடித்துக்கொண்டது. ஆங்கிலப் பெயரைப் போலவே, தகவல் தொழில்நுட்பம் சமூகத்தை மாற்றும் விதத்தை ஆராய்ந்த பெர்க்லி பல்கலைக்கழகச் சமூகவியலாளர் மனுவேல் காஸ்டெல்சும் 1996இல் வெளியிட்ட நூலில் ‘வலையமைப்புச் சமூகம்’ என்றே பேசினார்.

எழுத்திலும் ஊர் வேறுபாடு உண்டு: தமிழ்நாட்டில் பெரும்பாலும் ‘இணையதளம்’, யாழ்ப்பாணத்தில் ‘இணையத்தளம்’. ‘ஆன்லைன்’ என்பதற்கு இலங்கை அரசு ‘நிகழ்நிலை’ என்ற தனிச்சொல் வைத்திருக்கிறது. 2024ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பெயர் ‘நிகழ்நிலைக் காப்புச் சட்டம்’.