சுகாதாரத் தொடர்பியல் கல்வி: பாடத்திட்டமும் பணித்தகுதியும்

1. முன்னுரை

காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசமாகவே கிடைக்கிறது. இருந்தும் இருமல் குறைந்து, உடம்பு தேறத் தொடங்கியதும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறது, குழந்தை வீட்டில் இருக்கிறது, இரண்டும் சந்திப்பதில்லை. மருந்து கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் உயிர்கள் போவது இந்த இடைவெளியில்தான். அது ஏன் ஏற்படுகிறது என்று ஆராய்வதும், அதைக் குறைக்கும் வழிகளை வகுப்பதும் சுகாதாரத் தொடர்பியலின் வேலை.

இத்துறையில் பணிக்குச் செல்ல விரும்பும் மாணவருக்குப் பல்கலைக்கழகம் எதைக் கற்றுத்தர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. சுவரொட்டியும் குறும்படமும் தயாரிக்கும் திறமை தேவைதான். ஆனால் சொன்னது போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தது செயலாக மாறியதா என்று அளந்து பார்க்கும் திறனே இப்பணியின் அடிப்படைத் தகுதி என்று இக்கட்டுரை வாதிடுகிறது. துறையின் வரலாறு, மூன்று களங்களின் அனுபவம், அவற்றிலிருந்து பெறப்படும் பாடத்திட்டம், பணிவாய்ப்பு என்ற வரிசையில் வாதம் அமைகிறது.

2. துறை உருவான வரலாறு

இத்துறையின் முதல் கேள்வி ஒரு தோல்வியிலிருந்து பிறந்தது. 1950-களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை, காசநோயைக் கண்டறிய நடமாடும் எக்ஸ்ரே வண்டிகளை மக்கள் வாழும் பகுதிகளுக்கே அனுப்பியது. கட்டணம் கிடையாது; ஆனாலும் எதிர்பார்த்த அளவுக்குக் கூட்டம் வரவில்லை. ஹாக்பாம், ரோசன்ஸ்டாக் முதலிய சமூக உளவியலாளர்கள் காரணத்தைத் தேடினர். நோய் தனக்கு வரக்கூடும் என்ற எண்ணம், வந்தால் கடுமையாக இருக்கும் என்ற எண்ணம், பரிசோதனையால் பயன் உண்டு என்ற நம்பிக்கை, அதற்குக் குறுக்கே நிற்கும் தடைகள் ஆகிய நான்கும் சேர்ந்தே ஒருவரின் முடிவைத் தீர்மானிக்கின்றன என்று விளக்கினர். இன்றும் முதல் பருவத்தில் கற்பிக்கப்படும் ‘உடல்நல நம்பிக்கை மாதிரி’ இதுதான்.

1962-இல் எவரெட் ராஜர்ஸ் புத்தாக்கங்கள் சமூகத்தில் பரவும் முறையை விளக்கும் நூலை வெளியிட்டார். 1972-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இதயநோய் மருத்துவர் ஜான் ஃபார்குவரும் தொடர்பியல் அறிஞர் நேதன் மக்கோபியும் இணைந்து, கலிஃபோர்னியாவின் மூன்று சிறுநகரங்களில் இதயநோய்த் தடுப்பு ஆய்வைத் தொடங்கினர். இரண்டு நகரங்களில் ஊடகப் பரப்புரை நடந்தது. மூன்றாவது நகரம் ஒப்பீட்டுக்காக விடப்பட்டது. மருத்துவமும் தொடர்பியலும் ஒரே ஆய்வில் சம பங்காளிகளாக அமர்ந்ததற்கு இது முன்னோடி. 1975-இல் பன்னாட்டுத் தொடர்பியல் சங்கத்தில் இத்துறைக்குத் தனிப் பிரிவு அமைந்தது. 1989-இல் தனி ஆய்விதழும் வந்தது.

இந்தியாவில் இது ‘சுகாதாரக் கல்வி’ என்ற பெயரில் வளர்ந்தது. மத்திய சுகாதாரக் கல்விப் பணியகம் 1956-இல் டெல்லியில் நிறுவப்பட்டது. திண்டுக்கல் அருகிலுள்ள காந்திகிராமத்தின் ஊரக சுகாதார, குடும்பநல நிறுவனம் 1960-களிலிருந்து இத்துறைக்குப் பணியாளர்களைப் பயிற்றுவித்து வருகிறது.

3. மூன்று களங்கள்

3.1 வங்கதேசம்: கரைத்துக் காட்டிய தாய்மார்கள்

வயிற்றுப்போக்கால் நீரிழந்த குழந்தையை உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் காப்பாற்றும் என்பதைப் பெரும் அளவில் காட்டியவர் மருத்துவர் திலீப் மகலனாபிஸ். 1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் அவர் இக்கரைசலைக் கொடுத்ததால், சுமார் 30 விழுக்காடாக இருந்த காலரா இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அதன் பிறகு எழுந்த சிக்கல் மருத்துவம் சார்ந்தது அன்று. கடையோ, பொட்டலமோ எட்டாத கிராமத்துத் தாய்க்கு இதை எப்படிக் கற்றுக்கொடுப்பது?

வங்கதேசத்தின் ‘பிராக்’ தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்து ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் பணியாளர்களை அனுப்பியது. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர்: அளவு இவ்வளவுதான். நினைவில் வைக்க வேண்டிய பத்துக் குறிப்புகளைப் பணியாளர் சொல்லிக்கொடுப்பார். பிறகு தாயே தன் வீட்டுப் பாத்திரத்தில், தன் கையால் கரைத்துக் காட்ட வேண்டும். உப்பு கூடினால் குழந்தைக்கே ஆபத்து என்பதால் இதில் தோராயத்துக்கு இடமில்லை.

சில வாரங்கள் கழித்து வேறொரு கண்காணிப்பாளர் அவ்வீடுகளில் சிலவற்றுக்குப் போவார். பத்துக் குறிப்புகளில் எத்தனை நினைவிருக்கின்றன என்று கேட்பார். தாய் கலக்கிய கரைசலில் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார். தாய் எவ்வளவு சரியாகச் செய்தாரோ, அதற்கேற்பவே பணியாளரின் ஊதியம். எத்தனை வீட்டுக்குப் போனோம் என்ற கணக்கு பின்னுக்குப் போய், எத்தனை தாய்மார் சரியாகச் செய்கிறார்கள் என்ற கணக்கு முன்னுக்கு வந்தது.

அந்த அளவீடு எதிர்பாராத உண்மை ஒன்றையும் வெளிக்கொண்டு வந்தது. தாய்மார்களுக்குச் செய்முறை தெரிந்திருந்தும், குழந்தைக்கு நோய் வந்தபோது பலர் அதைக் கொடுக்கவில்லை. விசாரித்தபோது, கற்றுக்கொடுத்த பணியாளர்களில் பலருக்கே அதில் முழு நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. வீட்டு ஆண்களிடமும் யாரும் பேசியிருக்கவில்லை. எனவே கரைசல் ஏன் வேலை செய்கிறது என்பது பணியாளர்களுக்கு விளக்கப்பட்டது. ஆண்கள் கூடும் சந்தைகளிலும் மசூதிகளிலும் தனியே பேசப்பட்டது. அளந்து பார்த்திராவிட்டால் இந்தக் குறை தெரிந்தே இருக்காது.

3.2 உத்தரப் பிரதேசம்: மறுத்தவர்களின் கேள்வி

1995-இல் இந்தியாவில் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கின. சில ஆண்டுகளில் மேற்கு உத்தரப் பிரதேசத்தில் பல குடும்பங்கள், குறிப்பாக இஸ்லாமியக் குடும்பங்கள், கதவைச் சாத்தின. சொட்டு மருந்து குழந்தைகளை மலடாக்கும் என்ற வதந்தி ஒருபுறம். சாக்கடை வசதிகூட இல்லாத தெருவுக்கு இந்த ஒரு மருந்தை மட்டும் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார்களே, ஏன் என்ற நியாயமான ஐயம் மறுபுறம்.

தொலைக்காட்சியில் அமிதாப் பச்சன் கேட்டுக்கொண்டது நாடெங்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் சாத்திய கதவு திறக்க அதே தெருவின் பெண் வேண்டியிருந்தார். யுனிசெஃப் துணையுடன் அமைந்த சமூகத் திரட்டல் வலையமைப்பு, அவ்வூர்களிலிருந்தே ஆயிரக்கணக்கான பணியாளர்களை எடுத்தது. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா போன்ற நிறுவனங்களும் மதத் தலைவர்களும் துணைநின்றனர். கைகழுவுதல், தாய்ப்பால், வயிற்றுப்போக்கு, பிற தடுப்பூசிகள் ஆகியவையும் பேச்சில் சேர்ந்தன. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவானதே நாட்டின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி. 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது.

3.3 தமிழ்நாடு: பேசப்பட்ட விளம்பரமும் பரவிய வதந்தியும்

இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டன. கண்டறிந்தவர்கள் மருத்துவர்கள் சுனிதி சாலமனும் நிர்மலாவும். 1994-இல் தமிழ்நாடு தனியாக எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைத்தது. 2000-களின் தொடக்கத்தில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்ற விளம்பரம் சுவர்களிலும் பேருந்துகளிலும் தோன்றி, டீக்கடைப் பேச்சானது. வாய்விட்டுப் பேசக் கூசிய ஒன்றைத் தெருவில் பேச வைத்தது அதன் வெற்றி. ஆனால் ஊரே பேசியது என்பதால் ஊர் நடத்தையை மாற்றிக்கொண்டது என்றாகாது. பின்னர் மாநிலத்தில் தொற்று குறைந்ததில் ‘நம்பிக்கை மையம்’ எனப்படும் எச்.ஐ.வி. பரிசோதனை மையங்களும், பாலியல் தொழிலாளர், லாரி ஓட்டுநர்களிடையே நடந்த பணியும், சிகிச்சையும் பங்காற்றின. ஒரு விளம்பரத்தின் பங்கைப் பிரித்தறிய ஆண்டுதோறும் நடத்தையைக் கணக்கெடுக்கும் ஆய்வுகள் தேவை.

2017 பிப்ரவரியில், 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ளவர்களுக்குத் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வழியே அச்சம் பரவியது. பெற்றோர் பலர் தயங்கினர். முகாம் மார்ச்சுக்கு நீட்டிக்கப்பட்டது. தட்டம்மையைத் தாய்மார் அறிவர். கருவிலுள்ள குழந்தையின் கண்ணையும் காதையும் இதயத்தையும் தாக்கக்கூடிய ரூபெல்லாவின் பெயரோ பலருக்குப் புதிது. கேள்விக்கு முன்கூட்டியே விடை சொல்லாத இடத்தை வதந்தி நிரப்பும் என்பதே இம்முகாம் விட்டுச்சென்ற பாடம்.

4. பாடத்திட்டத்தின் கூறுகள்

4.1 நோய்ப்பரவலியலும் எண்ணறிவும்

1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, சில புதிய கருத்தடை மாத்திரைகள் இரத்தம் உறையும் அபாயத்தை இருமடங்காக்குகின்றன என்று எச்சரித்தது. 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்த அபாயம் இருவருக்கு என்றானது என்பதே அதன் பொருள். ஆனால் மக்கள் காதில் விழுந்தது ‘இருமடங்கு’ மட்டுமே. பயந்துபோய்ப் பலர் மாத்திரையை நிறுத்தினர். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடியதாகக் கணக்கிடப்பட்டது. கர்ப்பமே அம்மாத்திரையைவிட அதிகமாக இரத்தம் உறையச் செய்யும் என்பது இதில் பெருந்துயரம். செய்தி பொய்யன்று, சொன்ன விதம் தீங்கு செய்தது. ஒப்பீட்டு அபாயத்தையும் உண்மை அபாயத்தையும் பிரித்துச் சொல்லத் தெரியாதவரை இப்பணிக்கு அனுப்பக்கூடாது. எனவே புள்ளியியல் விருப்பப் பாடமாக இல்லாமல் கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும்.

4.2 மொழியும் முன்சோதனையும்

அச்சுக்கு அனுப்பும் முன் எந்தச் செய்தியையும் அதைப் படிக்க வேண்டியவரிடமே சோதிக்க வேண்டும். ஓர் எளிய பயிற்சி: உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை ஒரு தாயிடம் கொடுக்க வேண்டும். ‘புரிஞ்சுதாம்மா?’ என்று கேட்டால் ‘புரிஞ்சுது’ என்றே பதில் வரும். அதனால் எதுவும் தெரியாது. ‘உங்க வீட்டுப் பாத்திரத்துல கரைச்சுக் காட்டுங்கம்மா’ என்று கேட்க வேண்டும். ஒரு லிட்டர் என்பதற்கு அவர் எந்தச் சொம்பை எடுக்கிறார், பொட்டலத்தை முழுதாகக் கொட்டுகிறாரா அல்லது பாதியை டம்ளரில் போட்டு மீதியை மடித்து வைக்கிறாரா, மிஞ்சிய கரைசலை மறுநாளுக்கு எடுத்துவைப்பேன் என்கிறாரா என்று மாணவர் கவனித்துக் குறிக்க வேண்டும். துண்டறிக்கையை எங்கே திருத்த வேண்டும் என்பதை அந்தக் குறிப்பே காட்டிவிடும்.

4.3 களப்பயிற்சி

ஒரு பருவம் முழுவதும் ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றோடு இணைந்து பணியாற்றுவது அவசியம். கிராம சுகாதார செவிலியர் எப்படி வாசலில் நின்று பேச்சைத் தொடங்குகிறார், மாமியார் எதிரே மருமகளிடம் எதைக் கேட்காமல் விடுகிறார் என்பதையெல்லாம் எந்தப் பாடநூலும் கற்றுத்தராது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து வீட்டுக்கே வருகிறது. அம்மருந்து நாள்தோறும் விழுங்கப்படுகிறதா, இல்லையென்றால் ஏன் என்பது முதுகலை மாணவருக்குத் தக்க ஆய்வுப் பொருள்.

4.4 அறமும் சட்டமும்

தொடக்ககால எய்ட்ஸ் சுவரொட்டிகளில் மண்டையோடும் எலும்பும் இடம்பெற்றன. அச்சுறுத்தல் நோயைத் தடுப்பதைவிட நோயாளியை ஒதுக்கவே துணைபோகும் என்பதை அவை உணர்த்தின. நோயாளியின் படத்தையும் பெயரையும் ஒப்புதலின்றிப் பயன்படுத்துவது குற்றம் என்ற உணர்வு மாணவரிடம் ஊற வேண்டும். தவறான மருத்துவ விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டம், புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான 2003-ஆம் ஆண்டுச் சட்டம், எச்.ஐ.வி. தொற்றாளர் உரிமையைக் காக்கும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் ஆகியவற்றையேனும் அவர் படித்திருக்க வேண்டும்.

5. பணிவாய்ப்பு

பட்டத்தின் பெயரிலேயே வேலை விளம்பரம் வரும் என்று எதிர்பார்க்க இயலாது. தகவல்–கல்வி–தொடர்பு அலுவலர், சமூக நடத்தை மாற்ற ஆலோசகர், ஆற்றுப்படுத்துநர், நோயாளர் கல்வியாளர், மருத்துவச் செய்தியாளர், கள ஆய்வாளர் எனப் பல பெயர்களில் இப்பணி பரவிக் கிடக்கிறது. தேசிய நலவாழ்வு இயக்கம், ஐ.நா. அமைப்புகள், தொண்டு நிறுவனங்கள், பெரிய மருத்துவமனைகள், ஆய்வு நிறுவனங்கள் ஆகியவை இத்தகையோரை வேலைக்கு எடுக்கின்றன. அரசுத் திட்டங்களில் பெரும்பாலானவை ஒப்பந்தப் பணிகள் என்பதை மாணவர் முன்பே அறிந்திருப்பது நல்லது.

நேர்காணலில் அழகான சுவரொட்டிகளின் தொகுப்பைவிட, முன்சோதனை, திருத்தம், வெளியீடு, மதிப்பீடு என்ற நான்கு படிகளையும் கடந்த ஒரே ஒரு பணியின் முழு அறிக்கை அதிகம் பேசும். தோல்வியில் முடிந்த முயற்சியானாலும், ஏன் தோற்றது என்று காட்டும் அறிக்கைக்கு மதிப்பு உண்டு.

6. ஒரு மறுப்பும் விடையும்

இதை மருத்துவரும் செவிலியரும் செய்கிறார்களே, தனிப்படிப்பு எதற்கு என்று கேட்கப்படுவதுண்டு. நோயாளியிடம் நன்றாகப் பேசுவது மருத்துவப் பணியின் பகுதி, அதில் ஐயமில்லை. ஆனால் புறநோயாளிகள் வரிசை கட்டி நிற்கும் மருத்துவருக்கு, மருத்துவமனைக்கு வராதவர் ஏன் வரவில்லை என்று தேடிப்போக நேரம் கிடையாது. அந்தத் தேடல் முழுநேர வேலை. இதழியல் படித்தவருக்கு மொழி கைவரும், நோய்ப்பரவலியல் வராது. பொதுச் சுகாதாரம் படித்தவருக்கு நேர்மாறு. இருவரையும் ஒரே வகுப்பில் அமர்த்தி, ஒருவருக்கு இல்லாததை மற்றவரிடமிருந்து பெறச் செய்வதே இப்படிப்பின் தனிப்பயன்.

7. முடிவுரை

வங்கதேசத்துத் தாய்மார்கள், உத்தரப் பிரதேசத்துச் சமூகப் பணியாளர்கள், தமிழ்நாட்டின் தடுப்பூசி முகாம் ஆகிய மூன்றும் ஒரே முடிவுக்கே இட்டுச்செல்கின்றன. சொல்பவர் எவ்வளவு சொன்னார் என்பதை வைத்து இப்பணியை மதிப்பிடக்கூடாது. கேட்டவரால் என்ன செய்ய முடிந்தது என்பதை வைத்தே மதிப்பிட வேண்டும்.

தமிழகப் பல்கலைக்கழகங்களின் தொடர்பியல் துறைகளும் பொதுச் சுகாதாரத் துறைகளும் இணைந்து இப்படிப்பை நடத்த முன்வர வேண்டும். புள்ளியியலைக் கட்டாயமாக்கி, ஒரு பருவத்தைக் களத்துக்கு ஒதுக்கி, மதிப்பீட்டு அறிக்கை இல்லாமல் பட்டம் இல்லை என்று விதிக்க வேண்டும். சேர விரும்பும் மாணவர்களே, கட்டடத்தையும் படப்பிடிப்புக் கூடத்தையும் பார்ப்பதற்கு முன், பாடத்திட்டத்தில் இம்மூன்றும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இல்லையென்றால் வேறு கல்லூரியைத் தேடுங்கள்.