பன்னிரண்டு ஆண்டும் நாலேகால் நாளும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் முன்னிரவில் அண்ணாந்து பார்த்தால் நான்கு விண்மீன்கள் பெரிய சதுரமாக நிற்பது தெரியும். மேற்குப் பக்கத்து இரண்டும் பூரட்டாதி. கிழக்குப் பக்கத்து இரண்டும் உத்திரட்டாதி. பூரட்டாதியின் இரு மீன்களுக்கு நடுவே, சதுரத்துக்குச் சற்று வெளியே, மங்கலான ஒரு புள்ளி உண்டு. தெருவிளக்கு எட்டாத ஊரில் வெறும் கண்ணுக்கே தட்டுப்படும். நகரத்தில் பைனாகுலர் வேண்டும். வானியலாளர்கள் அதை 51 பெகாசி என்று அழைக்கிறார்கள். ஏறத்தாழ 50 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது.

இந்த விண்மீனும் அதைச் சுற்றும் பெருங்கோளும் ஒரு பக்கம். நம் சூரியனும் வியாழனும் மறுபக்கம். இரண்டு இணைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. விண்மீன்கள் உடன்பிறந்தவை போல ஒத்திருக்க, கோள்கள் இப்படி எதிரெதிராய் நிற்பது ஏன் என்பதே கேள்வி.

ஒற்றுமை

சூரியனும் 51 பெகாசியும் ஜி வகையைச் சேர்ந்தவை. இரண்டின் மேற்பரப்பிலும் வெப்பம் ஏறக்குறைய 5,500 டிகிரி செல்சியஸ். 51 பெகாசியின் நிறை சூரியனைவிடப் பத்தில் ஒரு பங்குதான் அதிகம். வயதில் அது மூத்தது. இரும்பு போன்ற கனமான தனிமங்களும் அதில் சற்றுக் கூடுதல். மற்றபடி, நிறமாலையை மட்டும் காட்டினால் இரண்டையும் ஒரே குடும்பம் என்று எவரும் சொல்லிவிடுவார்கள்.

கோள்களும் பிறப்பால் ஒரே இனம். வியாழன் பூமியைப் போல 318 மடங்கு நிறையுள்ள வாயுக்கோளம். 51 பெகாசியின் கோள் அதில் ஏறத்தாழ பாதி. அதனால்தான் 2015-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் அதற்கு டிமிடியம் என்று பெயரிட்டது. லத்தீனில் ‘பாதி’ என்று பொருள்.

நிலமும் பொழுதும்

தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வது நிலத்தையும் பொழுதையும். அங்கு வாழ்வன யாவும் அவற்றைப் பொறுத்தே அமையும். கவிதைக்குச் சொன்ன இந்த வரிசை இந்த ஒப்பீட்டுக்கும் அழகாகப் பொருந்துகிறது.

முதலில் நிலம். வியாழன் சூரியனிலிருந்து சுமார் 78 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சூரிய ஒளி அங்கே போய்ச் சேர 43 நிமிடம் ஆகும். டிமிடியத்துக்கு அதன் விண்மீனின் ஒளி அரை நிமிடத்துக்குள் வந்துவிடும். தொலைவு நூறில் ஒரு பங்கு என்றால், விழும் ஒளி பத்தாயிரம் மடங்கு. வியாழனின் மேக உச்சியில் உறைபனிக்கும் நூறு டிகிரிக்கு மேல் கீழான குளிர். டிமிடியத்தில் ஆயிரம் டிகிரியை ஒட்டிய அனல். வியாழனிலிருந்து பார்த்தால் சூரியன் நாம் காண்பதில் ஐந்தில் ஒரு பங்கு அகலமே இருக்கும். டிமிடியத்தின் வானிலோ விண்மீன் நம் சூரியனைவிட இருபது மடங்குக்கும் அதிக அகலமாகத் தெரியும்.

அடுத்து பொழுது. வியாழன் ஒரு சுற்று முடிக்க 11.86 ஆண்டு. தமிழர்களுக்கு இது பழகிய கணக்கு: கும்பகோணத்து மகாமகம் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவது, வியாழன் மீண்டும் சிம்ம ராசிக்கு வரும் காலத்தை வைத்துத்தான். டிமிடியத்தின் ‘ஆண்டு’ 4.23 நாள். ஒரு மகாமகத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் அது ஆயிரம் தடவைக்கு மேல் சுற்றி வந்துவிடும். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே ஒருமுறை சுழல்கிறது. டிமிடியம் போன்ற நெருங்கிய கோள்களை விண்மீனின் ஈர்ப்பு பிடித்து, ஒரே முகத்தைக் காட்டியபடி சுற்ற வைத்துவிடும் என்பது கணிப்பு. அப்படியென்றால் அங்கே ஒரு பாதி தீராப் பகல், மறுபாதி தீரா இரவு.

தேடியவர்களும் கண்டவர்களும்

கோளை யாரும் நேரில் பார்க்கவில்லை. விண்மீனின் ஆட்டத்தைத்தான் பார்த்தார்கள். கோள் இழுக்கும்போது விண்மீனும் சற்றே அசைகிறது. அது நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளி நீலத்தின் பக்கமும், விலகும்போது சிவப்பின் பக்கமும் நகரும். வியாழன் சூரியனை அசைக்கும் வேகம் விநாடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர்; ஒரு டவுன் பஸ்ஸின் வேகம். டிமிடியம் தன் விண்மீனை அசைப்பது மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில்.

எளிதில் பிடிபட வேண்டியது இரண்டாவதுதான். ஆனால் எல்லாரும் முதலாவதைப் போன்ற ஒன்றையே தேடினார்கள். கனடாவின் புரூஸ் கேம்பலும் கார்டன் வாக்கரும் 21 விண்மீன்களைப் பன்னிரண்டு ஆண்டு கண்காணித்தும் கோள் எதையும் உறுதி செய்ய முடியவில்லை. பெருங்கோள்கள் விண்மீனுக்கு மிக அருகிலும் இருக்கலாம், இந்த முறையிலேயே கண்டுபிடிக்கலாம் என்று ஓட்டோ ஸ்ட்ரூவ் 1952-இலேயே எழுதியிருந்தார். வியாழன் கண்முன் நின்றதால் அந்தச் சொல் காதில் ஏறவில்லை.

ஜெனீவாவின் மிஷேல் மேயரும் அவருடைய ஆய்வு மாணவர் டிடியே கெலோவும் பிரான்சின் ஓட் புரோவான்ஸ் ஆய்வகத்தில் எலோடி என்ற நிறமாலைமானியைக் கொண்டு பார்த்துவந்தார்கள். நாலேகால் நாள் என்ற விடை வந்தபோது அவர்கள் அவசரப்படவில்லை. 1995 ஜூலையில் 51 பெகாசி மறுபடி இரவு வானுக்கு வரும்வரை காத்திருந்து, தங்கள் கணிப்பு பலிக்கிறதா என்று சரிபார்த்த பிறகே அக்டோபர் 6 அன்று பிளாரன்ஸில் அறிவித்தார்கள். அமெரிக்காவின் லிக் ஆய்வகம் சில நாட்களிலேயே அதை உறுதிசெய்தது. 2019-இன் இயற்பியல் நோபல் பரிசில் பாதி இவர்கள் இருவருக்கும் கிடைத்தது.

வேற்றுமையின் வேர்

விண்மீனுக்கு அவ்வளவு அருகில் ஒரு பெருங்கோள் பிறந்திருப்பது கடினம். வெப்பத்தில் பனி நிற்காது; கோளைக் கட்டும் பொருளும் அங்கே குறைவு. ஆகவே டிமிடியம் தொலைவில், குளிரில் பிறந்து உள்ளே வந்திருக்க வேண்டும் என்பதே பெரும்பாலானோரின் முடிவு. இளம் விண்மீனைச் சூழ்ந்த வாயுத் தட்டோடு ஈர்ப்பால் உராய்ந்து மெல்ல மெல்ல இறங்கியிருக்கலாம். வேறொரு கோள் தள்ளிவிட்டும் இருக்கலாம்.

வியாழனும் ஒருகாலத்தில் உள்நோக்கி நகர்ந்தது, பிறகு சனியின் ஈர்ப்பு அதைத் திருப்பி வெளியே கொண்டுவந்தது என்று 2011-இல் ஒரு கருதுகோள் முன்வைக்கப்பட்டது. அது நிறுவப்பட்டால், இரண்டு கோள்களும் ஒரே பாதையில் புறப்பட்டவை, ஒன்று மட்டும் திரும்பியது என்றாகும்.

ஆகவே, விண்மீன்களின் ஒற்றுமை கோள்களின் விதியை எழுதுவதில்லை. எங்கே பிறந்தது, எவ்வளவு தூரம் நகர்ந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பவை அதை எழுதுகின்றன. சூரியனைப் போன்ற நூறு விண்மீன்களில் ஒன்றுக்கோ அதற்கும் குறைவாகவோதான் இத்தகைய அனல் வியாழன்கள் உள்ளன. அந்த அபூர்வத்தில் ஒன்று முதலில் அகப்பட்டதுதான் நமக்கு வாய்த்த பேறு. அதுவரை சூரியனைப் போன்ற விண்மீனின் கோள் குடும்பத்துக்கு நம்மிடம் ஒரே ஓர் எடுத்துக்காட்டு இருந்தது. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் ஒப்பிட முடியாது. பூரட்டாதியின் அருகே அந்த மங்கலான புள்ளி இரண்டாவதைத் தந்தபோதுதான், வியாழன் இருக்கும் இடத்தில் இருப்பதற்கும் காரணம் தேட வேண்டும் என்று நமக்குத் தோன்றியது.