மெலியாய்டோசிஸ்

'மெலிஸ்' என்பது கழுதைகளைத் தாக்கும் ஒரு நோய்க்குக் கிரேக்கர் வழங்கிய பெயர். அதனோடு 'போன்றது' என்னும் பொருள் தரும் ஈற்றையும் நோய்நிலையைக் குறிக்கும் 'ஓசிஸ்' என்னும் ஈற்றையும் சேர்த்து, ஸ்டான்டன், பிளெட்சர் என்னும் மருத்துவர்கள் 1921இல் 'மெலியாய்டோசிஸ்' என்னும் நோய்ப் பெயரை ஆக்கினர். ஆனால் 1912இலேயே இந்நோயை இனங்கண்டு எழுதியவர்கள் ரங்கூனில் பணியாற்றிய விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் ஆவர்; இதன் 'விட்மோர் நோய்' என்னும் மற்றொரு பெயரில் கிருஷ்ணசாமிக்கு இடமில்லாமற் போனது முறையன்று.

பெயர் கழுதையைச் சுட்டினும், இந்நோயை உண்டாக்கும் பர்கோல்டேரியா சூடோமல்லை என்னும் பாக்டீரியா வெப்பநாட்டு ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. தமிழ்நாட்டிலும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி பலரிடம் இந்நோயைக் கண்டறிந்துள்ளதால், செம்பரம்பாக்கம் ஏரிக்கு அருகிலுள்ள நசரத்பேட்டை போன்ற ஊர்களில் மழைக்காலச் சேற்றில் இறங்கி உழைப்போர், குறிப்பாகச் சர்க்கரை நோயுள்ளோர், இதனை அறிந்திருத்தல் நலம். நுரையீரலைப் பற்றும்போது காய்ச்சல், இருமல், உடல் மெலிவு ஆகியன காசநோயையே ஒத்திருப்பதால், சளியிலும் இரத்தத்திலும் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையே ஐயத்தைத் தீர்க்கும். செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் மருந்தைச் சிரைவழியே குறைந்தது 10 முதல் 14 நாள் செலுத்தியபின், கோட்ரைமாக்சசோல் மாத்திரையைக் குறைந்தது 3 மாதம் கொடுப்பர். காய்ச்சல் விட்டதென்று இம்மாத்திரையை இடையில் நிறுத்தினால் நோய் மீளக்கூடும்.