தானிய அம்மனின் பிள்ளைகள்

ஏதென்ஸுக்கு மேற்கே எலூசிஸ் என்றொரு ஊர். 1801இல் எட்வர்ட் டேனியல் கிளார்க் என்ற ஆங்கிலேயர் அங்கே போனபோது, எருக்குப்பைக்குள் கழுத்தளவு புதைந்தபடி ஒரு பளிங்குப் பெண் நின்றிருந்தாள். தலையில் கூடை. கூடையைச் சுற்றிக் கதிர்கள் செதுக்கியிருந்தன. அவளை இடம் பெயர்த்தால் வயல் விளையாது என்பது ஊராரின் நம்பிக்கை. விசேஷ நாட்களில் அவள் முன் விளக்கும் ஏற்றினார்கள். அத்தனை பேரும் கிறிஸ்தவர்கள்.

கிளார்க் ஏதென்ஸ் அதிகாரியைச் சரிக்கட்டி அனுமதி வாங்கிவிட்டார். சிலையை எடுப்பதற்கு முந்தைய நாள் சாயங்காலம் ஒரு எருது கட்டை அறுத்துக்கொண்டு வந்து அந்தக் கல்லை முட்டிவிட்டுக் கதறியபடி ஓடியது. கூலிக்கு வந்தவர்கள் கடப்பாரையைத் தொட மறுத்தார்கள். கடைசியில் ஊர்ப் பாதிரியாரே பூசை அங்கியோடு வந்து முதல் குத்து குத்த வேண்டியதாயிற்று. கப்பல் இங்கிலாந்துக் கரையோரம் மூழ்கியது. சிலையை மீட்டுக் கேம்பிரிட்ஜில் வைத்தார்கள். இன்றும் அங்கேதான் நிற்கிறாள். ஆராய்ந்தவர்கள் பிறகு சொன்னது: அவள் அம்மனே அல்ல, கோயில் வாசலைத் தாங்கிய தூண் பெண்.

எலூசிஸ் ஊரார் நினைத்தது தானிய அம்மன் டெமெட்டரை. அந்தப் பெயரின் பின்பாதிக்குத் தாய் என்று பொருள். முன்பாதியை நிலம் என்பாரும் உண்டு, தானியம் என்பாரும் உண்டு. அவளுக்கு உரியவன் டிமித்ரியோஸ். நம்மூர் மாரியப்பனைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்ற வாரம் பார்த்த ஜார்ஜும் உழவர் வீட்டுப் பெயர்தான். ஆனால் அதன் பொருளே உழவன் என்பதால் அதில் சாமி இல்லை. டிமித்ரியில் இருக்கிறது.

அலெக்சாந்தருக்குப் பின்வந்த அரசர்களில் இந்தப் பெயர்க்காரர்கள் பலர். பாக்திரியாவிலிருந்து நம் வடமேற்கு எல்லைவரை வந்த ஒருவர், யானைத் தலையைக் கிரீடமாகக் கவிழ்த்துக்கொண்டு காசில் நிற்கிறார். வேதாகமம் வாசிக்கிறவர்களுக்கு இன்னொருவர் தெரிந்திருக்கும். எபேசு பட்டணத்தில் பவுலுக்கு எதிராகக் கலகம் கூட்டிய தட்டான் தெமேத்திரியு. ஓர் அம்மன் பெயரை வைத்துக்கொண்டு வேறோர் அம்மனுக்கு வெள்ளிக் கோயில் செய்து பிழைத்தவர். அதே புதிய ஏற்பாட்டில், யோவானின் மூன்றாம் நிருபத்தில், எல்லாராலும் நற்சாட்சி பெற்ற இன்னொரு தெமேத்திரியுவும் வருகிறார்.

ஞானஸ்நானம் பெற்றவுடன் பழைய பெயரைத் துறக்க வேண்டும் என்ற கட்டாயம் ஆதித் திருச்சபையில் இல்லை. எகிப்து அம்மன் ஐசிஸின் கொடை என்று பொருள்படும் இசிதோர் புனிதரானது அப்படித்தான். மது தேவனின் பெயரைக் கொண்ட தியோனிசியுவும் அப்படியே. ஒருவர் மறைசாட்சியாக உயிர் விட்டால் அந்தப் பெயர் அதன்பின் அவருடையது. சாமியின் முகவரி அழிந்துவிடும்.

டிமித்ரி என்ற பெயரை அப்படி எடுத்துக்கொண்டவர் தெசலோனிக்கியில், 306ஆம் ஆண்டு வாக்கில், ஈட்டியால் குத்துண்டு இறந்தவர். மரபுக் கதை இது: குளியல் மாளிகையின் நிலவறையில் சிறைப்பட்டிருந்தார். நெஸ்டர் என்ற இளைஞன் அவரிடம் ஆசி வாங்கிப்போய், பேரரசருக்குப் பிடித்த மல்லன் லியேயுசை வீழ்த்தினான். கோபம் இருவர் மீதும் பாய்ந்தது. இன்று அவர் பெயரால் நிற்கும் பேராலயத்தின் அடித்தளத்தில் ரோமானியக் குளியல் கட்டடத்தின் சுவர்களைப் பார்க்கலாம். ஆனால் வரலாற்றாசிரியர்களில் ஒரு சாரார், இந்தப் பக்தியின் வேர் தெசலோனிக்கியில் இல்லை, செர்பியாவின் சிர்மியத்தில் கொல்லப்பட்ட டிமித்ரி என்ற திருத்தொண்டரிடம் இருக்கிறது என்கிறார்கள். சிர்மியத்தின் இன்றைய பெயர் மித்ரோவிட்சா. அதுவும் இவர் பெயரிலிருந்து வந்ததே.

கீழைத் திருச்சபையின் படங்களில் ஜார்ஜுக்கு வெள்ளைக் குதிரை, டிமித்ரிக்குச் சிவப்புக் குதிரை. ஆண்டையும் இருவரும் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஏப்ரல் 23 ஜார்ஜ், அக்டோபர் 26 டிமித்ரி. பால்கன் மலைகளில் ஆட்டு மந்தை மேலேறுவது ஒருவர் நாளில், கீழிறங்குவது மற்றவர் நாளில். மேய்ப்பனின் கூலிக் கணக்கும் அதற்குள் அடங்கும். ஒட்டோமான் ஆட்சியும் இந்தக் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டது. அவர்கள் டிமித்ரி நாளைக் காசிம் என்றார்கள். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தப் பேராலயம் மசூதியானபோது அதற்கு அமைந்த பெயர் காசிமியே.

அக்டோபர் கடைசி கிரேக்கத்தில் விதைப்புக் காலம். அதனால் தானிய அம்மனே குதிரையேறிப் புனிதராக வந்துவிட்டாள் என்று எழுதிவிடும் சபலம் எனக்கும் உண்டு. எழுதமாட்டேன். தெசலோனிக்கி மக்கள் அவரைக் கும்பிட்டது கோட்டைக் காவலராக. உழவோடு அவரை முடிச்சுப் போட்டது நாட்காட்டிதான்.

அந்தக் காவலரை வளைத்துக்கொள்ளவும் முடியும் என்று முதலில் கண்டுகொண்டவர்கள் பல்கேரியர்கள். 1185இல் நார்மன்கள் தெசலோனிக்கியைச் சூறையாடினார்கள். காவலர் ஊரைக் கைவிட்டு எங்களிடம் வந்துவிட்டார் என்று அறிவித்த அசேன், பீட்டர் சகோதரர்கள், தர்னோவோவில் அவருக்குக் கோயில் கட்டிப் பைசாந்தியத்துக்கு எதிராகக் கலகக் கொடி தூக்கினார்கள். அவர்களுடைய கடைசித் தம்பி கலோயன் 1207இல் தெசலோனிக்கியையே முற்றுகையிட்டார். கூடாரத்தில் திடீரென்று செத்துக் கிடந்தார். டிமித்ரியே நேரில் வந்து ஈட்டியால் குத்தினார் என்றது தெசலோனிக்கி. சிவப்புக் குதிரையின் காலடியில் கிடக்கும் அரசன் அவர்தான் என்று காட்டுவார்கள்.

இந்தப் பெயர் ரஷ்யாவுக்குப் போன வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விளாதிமிர் நகரத்து விசெவொலோத் இளவரசருக்கு ஞானஸ்நானப் பெயர் டிமித்ரி. அவர் பிறந்ததற்காகத் தந்தை 1154இல் அமைத்த ஊர் டிமித்ரோவ். 1380இல் குலிகோவோ களத்தில் தாத்தாரியரை வென்ற மாஸ்கோ இளவரசர் டிமித்ரி தொன்ஸ்கோய்க்குப் புனிதர் பட்டம் கிடைக்க 1988 ஆயிற்று. புனிதர் சரிதங்களைத் தொகுத்து எழுதிய ரோஸ்தோவ் ஆயர் டிமித்ரி இறந்தது 1709இல். அவர் பெயரில் எழுந்த கோட்டையே இன்றைய ரோஸ்தோவ் ஆன் டான் நகரம்.

இவர்களுக்கு நடுவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கிறான்.

ரஷ்யப் பேரரசர் இவான் தன் தலைமகனுக்கு வைத்த பெயர் டிமித்ரி. அந்தக் குழந்தை 1553இல், கைக்குழந்தையாகவே இறந்தது. கடைசி மனைவி மரியா நாகயா 1582 அக்டோபரில் ஆண் குழந்தை பெற்றபோது, புனிதரின் திருநாள் ஒரு வாரத்தில் வரவிருந்தது. மறுபடியும் டிமித்ரி. தந்தை இறந்தபின் தாயையும் பிள்ளையையும் வோல்கா கரையில் உக்லிச் என்ற ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். 1591 மே 15 நண்பகலில், அரண்மனை முற்றத்தில், கழுத்து அறுபட்டுக் கிடந்தான்.

மணி அடித்தது. ஊர் திரண்டது. மாஸ்கோவின் அதிகாரியையும் அவர் ஆட்களையும் அங்கேயே அடித்துக் கொன்றார்கள். விசாரிக்க வந்த குழுவின் தலைவர் வசீலி ஷூய்ஸ்கி. மண்ணில் கத்தி எறிந்து விளையாடும்போது வலிப்பு வந்து பிள்ளை தன்னைத்தானே குத்திக்கொண்டான் என்று முடிவெழுதிப் போனார்.

1605இல், 'நான்தான் டிமித்ரி, சாகவில்லை' என்று ஒருவன் போலந்துப் படையோடு மாஸ்கோவுக்குள் நுழைந்தான். கன்னியர் மடத்திலிருந்து அழைத்து வந்த மரியா, ஊர் பார்க்க அவனை மகன் என்று ஏற்றுக்கொண்டாள். ஷூய்ஸ்கியும் ஆமாம் என்றார், செத்தது வேறு பையனாம். ஓராண்டுக்குள் அதே ஷூய்ஸ்கி கலகம் செய்து அவனைக் கொன்று தானே அரியணை ஏறினார். மூன்றாவது சாட்சியம் இப்போது தேவைப்பட்டது: பிள்ளையை, அன்று ஆட்சியை நடத்திய போரிஸ் கோதுனோவ் ஆள் வைத்துக் கொன்றார், அவன் மறைசாட்சி. 1606 ஜூனில் உக்லிச்சிலிருந்து உடலைத் தோண்டி எடுத்து மாஸ்கோவுக்குக் கொண்டுவந்து புனிதர் ஆக்கினார்கள். கையில் ஒரு பிடி கொட்டைகள் அப்படியே இருந்தன என்று சொன்னார்கள். கொட்டை தின்றுகொண்டிருந்த பிள்ளையின் கையில் கத்தி எப்படி இருக்கும்? மூன்று வாக்குமூலங்களுள் இந்த ஒன்றுக்குத்தான் கொட்டையின் துணை இருந்தது.

பேராலயத்தில் உடலே வந்து படுத்த பிறகும் இரண்டாவது போலி டிமித்ரி வந்தான், மூன்றாமவனும் வந்தான். முதலாமவனை மணந்த போலந்துப் பெண் மரீனா, இரண்டாமவனையும் தன் கணவன் என்று அடையாளம் காட்டினாள்.

அன்று ஊரைக் கூட்டிய மணிக்கும் தண்டனை உண்டு. கோபுரத்திலிருந்து தள்ளி, நாக்கைப் பிடுங்கி, காதை உடைத்து, கசையடி கொடுத்து, சைபீரியாவின் டொபோல்ஸ்குக்கு நாடு கடத்தினார்கள் என்பது வழிவழிச் செய்தி. 300 ஆண்டு கழித்து, 1892இல், உக்லிச் மக்கள் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஆற்றங்கரையில் சிறுவன் இறந்த இடத்துக் கோயிலில் அது இருக்கிறது. ஆனால் அசல் மணி 17ஆம் நூற்றாண்டிலேயே டொபோல்ஸ்க் தீயில் உருகிவிட்டது, இது அதன் பெயரில் வார்த்த வேறு மணி என்று அங்கேயும் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

(தொடரும்)